ராமகுப்பத்துப் புழுவுக்கு வலிக்குமா?

1

“வலிக்கும்னு சொல்லுங்க, இல்லாட்டி வலிக்காதுன்னு சொல்லுங்க! அதைச் சொல்லாம இன்னாத்துக்கு சார் முந்நூறு பக்கம்?”

“தெரியலம்மா. தெரியலன்றதைத்தான் முந்நூறு பக்கம் எழுதிகீறேன்.”

“தெரியாததை எழுதிக்கினு, அதை மைக்குல வேற பேசி, எம் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துட்டு உக்காந்துகினு கீறீங்களே!”

கத்தியவர் பிரேமலதா, எங்கள் தெருக்காரர். வாங்கிக்கட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டு கோகுலகிருஷ்ணன். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, எந்தெந்த உயிருக்கு வலி உண்டு என்று புத்தகம் எழுதியவர். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், துணி எடுக்கிற பாவனையில். கொடியில் துணியே இல்லை. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்.

2

முதலில் வேறு மாதிரி தொடங்கினேன். ‘அலிபிரி மலையடிவாரத்தில் மாலை வெயில் மஞ்சளாய்ச் சரிய, அறிவியலின் மாபெரும் கேள்வி ஒன்று’ — சே, வேண்டாம். மாடி ஹாலில் ஃபேன் ஓடவில்லை, எல்லோருக்கும் வியர்வை. அவ்வளவுதான்.

அது எழுத்தாளரோடு வாசகர்கள் பேசுகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அந்த வாரம் கோகுலகிருஷ்ணன். பிரபஞ்சம் எதற்காக இருக்கிறது என்று ஒருவர், மூளைக்குள் ‘நான்’ எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று இன்னொருவர். வீட்டு டேங்கில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரியாதவர்கள் எல்லாம் இங்கே வந்து இப்படி. அப்புறம் பிரேமலதாவின் மகள் கீர்த்தி எழுந்தாள்.

“சார், பட்டுக்கூட்டை வெந்நீர்ல போடறப்ப உள்ள கீற புழுவுக்கு வலிக்குமா?”

“தெரியலம்மா. வலிக்காதுன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல.”

(கீர்த்திக்கு நிச்சயமாகியிருந்த யஸ்வந்துக்கு ராமகுப்பத்தில் இரண்டு ஷெட். இரண்டிலும் பட்டுப்புழு. இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். கதையே அதில்தான் இருக்கிறது என்பதால் மேலே ஏற்றிவிட்டேன்.)

மறுநாள் கீர்த்தி முகூர்த்தப் பட்டு வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாள், ஷெட்டை மூடினால்தான் கல்யாணம் என்றாள்.

3

யஸ்வந்தை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசை வைத்தேன், ஒட்டவில்லை. பையன் பஸ் ஏறி வந்து கோகுலகிருஷ்ணன் வாசலில் நின்றான்.

“சார், வலிக்காதுன்னு ஒரே ஒரு வரி எழுதி சைன் போட்டுக் குடுங்க. அவ உங்களை நம்பறா.”

“எனக்குத் தெரியாதே தம்பி.”

“எனக்கு மட்டும் தெரியுமா? கூட்டை மார்க்கெட்ல போட்டா எங்க வேலை முடிஞ்சிது. வெந்நீர்ல போடறவன் வேற எவனோ. ஷெட்டை மூடிட்டு நைனா இன்னா பண்ணுவாரு, நாங்க இன்னாத்த துன்றது?”

“அதுக்கு என் புத்தகத்துல அத்தியாயம் இல்லப்பா.”

என்ன மனுஷர் இவர்! ஒரு வரிப் பொய் எழுதினால் ஒரு கல்யாணம் நடக்கும். நானே கதைக்குள் புகுந்து எழுதிக்கொடுக்க வைக்கப் பார்த்தேன்: ‘கோகுலகிருஷ்ணன் பேனாவைத் திறந்து’ — திறக்கவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், என் கதைக்குள்கூட அந்த ஆள் திறக்க மாட்டேன் என்கிறார்.

அதற்குள் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டாள் கீர்த்தி.

“அவரு எழுதிக் குடுத்தா நான் நம்பிடுவேனா? புழு தழை துன்னற சத்தம் மழை மாதிரி கீதுன்னு போன்ல கேக்க வெச்சது யாரு?”

“நான்தான்.”

“இப்ப சொல்லு. வலிக்காதுன்னு நீ சொல்லு, நான் நம்பறேன்.”

சுலபமான வார்த்தை, அவன் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லாத அந்தக் கிழவர் நோய் இவனுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. அவள் அவனையே பார்த்துவிட்டு, “சரி வா, காபி குடிக்கலாம்” என்றாள்.

4

முடிவு அ: அவள் பட்டுக் கட்டுகிறாள். (பிரேமலதா கேட்ட முடிவு.)

முடிவு ஆ: ஷெட்டைக் காலி செய்து தக்காளிக் கூடைகளை அடுக்குகிறான், விலை விழுந்து அவன் நைனா அவளோடு —

இதற்கு மேல் கை ஓடவில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். கல்யாணம் ஆவணியில் நடந்தது, யஸ்வந்தோடுதான், பருத்திச் சேலையில். கோகுலகிருஷ்ணனோடு தெருவில் யாரும் பேசாததால் அவர் சித்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். கீர்த்தி ராமகுப்பத்தில் இருக்கிறாள். ஷெட்டில் இப்போது என்ன என்று போன் போட்டுக் கேட்டேன்.

“நீங்கதான் கதை எழுதறீங்களாமேக்கா, ஷெட்டுல இன்னா கீதுன்னு நீங்களே வெச்சிக்கோங்க,” என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வேண்டாம். ஷெட் ஓடினால் அவள் தோற்றவள், மூடினால் அவன். காபி குடிக்கப் போன அந்த இரண்டு பேரையும் பின்னால் இருந்து பார்த்தவள் நான். யாரைத் தோற்கடிப்பது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.