நோட்டில் எழுதாத வேலை

பிலோமி கார் சாவியைக் கொண்டுவந்து கணவன் மேத்யூவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா, நீயே வெச்சிக்கோ. திங்கக்கிழமையிலேர்ந்து நான் பஸ்ஸுலயே போறேன்."

மணலி புதுநகரில் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். ராயபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவள். ஆறு மாதம் பயந்து பயந்து கார் ஓட்டக் கற்று, முதல் தடவை தேர்வில் கோட்டைவிட்டு, இரண்டாவது தடவை லைசென்ஸ் வாங்கியவள். அந்தப் பழைய சாம்பல் நிறக் காரில் ஏறி உட்கார்ந்தால் அவள் முகமே வேறாகிவிடும்.

"இன்னா ஆச்சு?" என்றான் மேத்யூ.

"எண்ணூர் ரோட்டுல மூணு வாட்டி நின்னுபோச்சு. பின்னாடி ஃபுல்லா டிரெய்லரு. ஒருத்தன் இறங்கியே வந்துட்டான். 'ஏம்மா, வூட்டுல ஆம்பள யாரும் இல்லியா'ன்னு கேக்கறான். புதன்லேர்ந்தே இப்டித்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மேத்யூ துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். "கிளட்ச்ச பொசுக்குனு உட்டிருப்ப. நான் நாப்பதடி பொட்டிய இழுத்துகினு போறேன், என்னிக்காச்சும் நின்னுகீதா?" என்று சிரித்தான். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த பிலோமியின் தங்கை ஜானட், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை சர்வீஸ் செய்தது அவள்தான். பகலில் திருவொற்றியூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் கணக்கு எழுதுகிற வேலை; எட்டு மாதமாக மாலையில் வண்டி ரிப்பேர் வகுப்பு. யார் துணையும் இல்லாமல் அவள் செய்த முதல் முழு சர்வீஸ் அது. மேத்யூ முதலில் சம்மதிக்கவில்லை. "என் வண்டி, என் தங்கச்சி, உனக்கு இன்னா பேஜாரு?" என்று பிலோமிதான் அவன் வாயை அடைத்தாள்.

"அக்கா, நின்னப்ப கியர்ல இருந்துச்சா?"

"இல்லடி. சிக்னல்ல நியூட்ரல் போட்டு பிரேக்க மிதிச்சிகினு கீறேன். அப்டியே குலுங்கி அணைஞ்சுபோச்சு. ஓடும்போது ஒண்ணும் இல்ல."

ஜானட்டுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நியூட்ரலில் நிற்கிற வண்டி கிளட்சை விட்டதால் அணையாது. அக்கா மேல் தப்பே இல்லை. ஒரு வரி சொன்னால் போதும்.

அவள் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். சொன்னால் மேத்யூ மாமா இனி ஸ்பானரைத் தொட விடமாட்டார் என்பது அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நின்ற காரின் பானெட்டைத் திறந்தாள். சர்வீஸில் செய்த ஒவ்வொரு வேலையும் நோட்டில் வரிசையாக இருந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்புகளை அழுத்திப் பார்த்தாள். நான்கும் இறுக்கம். பிளக்குகளைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஆயில் மூடி, அளவுக் கம்பி, என்ஜினுக்குள் காற்று போகிற த்ராட்டில் வாயிலிருந்து கழற்றிப் பூட்டிய குழாய்கள். எல்லாம் சரியாக இருந்தன.

அப்படியானால் தப்பு தன்னுடையது இல்லை. ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. ஸ்டார்ட் செய்தாள். என்ஜின் விக்கல் எடுத்தவன் போலக் குலுங்கி, ஏறி, இறங்கி, அணைந்தது. லேசான நெஞ்சோடு அங்கே நிற்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

நின்றால் தடுமாற்றம், ஓடினால் சரி. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. அது மட்டும் நிச்சயம். வீட்டுக்குள் போய், இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துவந்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்து, அணையாமல் இருக்க ஆக்சிலேட்டரில் ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு ரப்பர் குழாயாகத் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தாள். காற்று புகுகிற ஓட்டையைத் தண்ணீர் ஒரு நொடி அடைத்தாலும் குலுக்கல் நிற்கும். விரல் தடிமனில் ஒரு குழாய், என்ஜின் மூடியிலிருந்து கீழே இறங்குவது. அதன் வளைவில் தண்ணீர் பட்டதும் குலுக்கல் நின்றது. தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் மறுபடி குலுங்கியது.

குனிந்து பார்த்தாள். குழாயின் அடிப்பக்கம் நீளமாக வெடித்திருந்தது. வெடிப்பு ஆரம்பித்த இடத்தில் ஒரு கட்டுக்கம்பி சதைக்குள் புதைந்தது போல ரப்பரை அறுத்துக்கொண்டிருந்தது. கம்பியில் மாதா சுரூபம் பதித்த சின்னப் பதக்கம் ஆடியது.

சர்வீஸ் முடிந்த அன்று பிலோமி கொடுத்தது. வேளாங்கண்ணியிலிருந்து வந்தது. கண்ணாடியில் ஏற்கெனவே ஜெபமாலை தொங்குகிறது, அதனால் என்ஜின் பக்கத்தில் கட்டு என்றாள். கீழே விழுந்தால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று ஜானட் பிளையரால் மூன்று முறுக்கு முறுக்கினாள். அதை அவள் நோட்டில் எழுதவில்லை. அது வேலை என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

கம்பியை அவிழ்த்தாள். பதக்கத்தைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உன் மேல தப்பில்ல. நான் கட்டின கம்பி குழாய அறுத்துடுச்சு. அதான் நிக்குது."

மேத்யூ பதக்கத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மாதாவுக்கு கட்டுக்கம்பியா? சென்ட்ரிங் வேலை பாத்துகீற நீ."

பிலோமி சிரிக்கவில்லை. "எப்ப தெரிஞ்சிது?"

"குழாய் இப்பத்தான். ஆனா நீ நியூட்ரல்னு சொன்னப்பவே… உன் தப்பில்லன்னு."

"நேத்து ராத்திரியே?"

"ஆமாக்கா."

"நான் நைட்டெல்லாம் அழுதுகினு கெடந்தேன்டி. எனக்கு இது வராதுன்னு. நீ பக்கத்து ரூம்ல தூங்கிகினு கீற."

"தூங்கலக்கா."

பிலோமி அவள் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். மேத்யூ எழப்போனான். "நீ உக்காரு" என்றாள் அவனிடம். பிறகு ஜானட்டிடம், "போய் குழாய் வாங்கினு வா. நீயே மாட்டு."

"ஏய், அவளே மறுபடியுமா?" என்றான் மேத்யூ.

"வேற யாரு? தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சவ அவதான. வந்து சொன்னவளும் அவதான. நீ பாத்தா இன்னும் நாலு நாளைக்கு கிளட்ச்சுன்னே சொல்லிகினு இருப்ப."

மதியத்துக்குள் கடை மூடிவிடும். ஜானட் ஓடிப்போய் அரை மீட்டர் குழாயும் இரண்டு கிளாம்பும் வாங்கிவந்து மாட்டினாள். என்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. பத்து நிமிடம் விட்டுப் பார்த்தாள்; இன்னொரு பத்து நிமிடமும் பார்த்தாள்.

சாயங்காலம் பிலோமி ஓட்ட, ஜானட் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவொற்றியூர் சிக்னலில் சிவப்பு. பிலோமி நியூட்ரல் போட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அறுபது நொடியும் என்ஜின் குலுங்காமல் ஓடியது.

பச்சை விழுந்தது. பிலோமி முதல் கியர் போட்டு அவசரமாகக் காலை எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் ஆட்டோ ஆரன் காதைக் கிழித்தது.

பிலோமி திரும்பிப் பார்த்தாள். "இதுவும் உன்னுதா?"

"இல்லக்கா. இது நீதான்."

"ஆங்" என்றாள் பிலோமி. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி ஆட்டோக்காரனிடம், "இருய்யா, போறேன்ல!" என்று கத்திவிட்டுச் சாவியைத் திருகினாள்.