பசைத் தடம்

துணிக்கடையில், வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களுக்கான கவுண்டரில் உட்காருபவள் நான். ‘ஒரு தடவைகூடப் போடலைங்க’ என்று சத்தியம் செய்பவர்களின் சட்டைக் காலரை முகர்ந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. லேபிளைப் பிய்த்துவிட்டு விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மறுநாள் அதையே பசை தடவி ஒட்டி எடுத்து வருவார்கள். பசைத் தடம் காட்டிக்கொடுத்துவிடும். என் காதில் பூ சுற்றுவது அவ்வளவு லேசில்லை. அதனால் ‘புது சிகிச்சை’ என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆரம்பித்த உடனேயே என் மூக்கு விழித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் உயரக் கிரேன் ஓட்டுகிறார். ஒருநாள் மேலே கேபினில் இருக்கும்போது நெஞ்சு கன்னாபின்னாவென்று அடித்துக் கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, கொக்கியில் சுமை இல்லை. இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடுகிறது என்றார்கள். துடிப்பு சீராகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கிரேனில் ஏற்றுவோம், இல்லாவிட்டால் ஸ்டோரில் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தரையில் நடக்கும் அந்த மனுஷனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அவர் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்ததெல்லாம் மேலே ஏறி இறங்கிய நாட்களில்தான்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். “தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, தப்பான சிக்னல் கிளம்புற இடத்தைச் சரிபண்ணுவோம். முன்னெல்லாம் சூடு வச்சுப் பொசுக்குவோம், இல்லன்னா உறைய வைப்போம். பின்னாடி இருக்குற உணவுக்குழாய்க்கும் சூடு போயிடுமோன்னு ஒரு பயம் இருக்கும். இப்ப கண் இமைக்கிறதுக்குள்ள முடியுற மின் அதிர்வு. இதயத் தசைதான் அதுக்கு அடங்கும். பக்கத்துல இருக்குறதுக்கு ஆபத்து குறைவு.”

“இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பண்ணிருக்கீங்க?”

“நிறைய பேருக்கு.”

“நிறையன்னா?”

மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். “நான் ஓட்டுற கிரேனே கரண்டுலதான் ஓடுது. பண்ணிடுங்க டாக்டர்” என்றார்.

பண்ணினார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். சீக்கிரம் அனுப்பினால் அதுவும் எனக்குச் சந்தேகம்தான். புண் ஆறும்வரை இரண்டு மூன்று மாதம் அவ்வப்போது படபடப்பு வரலாம், அதை வைத்துத் தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள் என்று வேறு சொன்னார் டாக்டரம்மா. ரிப்பேர் வரும் என்று கடைக்காரனே முன்கூட்டிச் சொல்லிவைக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மூன்றாம் மாத முடிவில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டை. ஒட்டும் இடத்தில் முடியை மழித்துவிட்டு வீட்டிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் அது துடிப்பைப் பதிவு செய்யும். பதிவு சுத்தமாக இருந்தால் கிரேன்.

“நானே ஒட்டிக்கறேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரம் முழுக்க பனியனைக் கழற்றவே இல்லை. காற்றுப் பட்டால் பிய்ந்துவிடுமாம். இவ்வளவு பொறுப்பா என்று மெச்சிக்கொண்டேன். என் சந்தேகம் மொத்தமும் ஆஸ்பத்திரி மேல் இருந்தது.

அதே வாரம் என் தம்பி சாப்பிட வந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறான், தலைவலி என்று ஒருநாள் படுத்தவன் இல்லை. அன்றைக்கு மட்டும் மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிட்டான். “வயசாகுதுல்லக்கா” என்று சிரித்தான். சாப்பிடும்போது மார்பைச் சொறிந்துகொண்டே இருந்தான். சோப்பை மாற்றித் தொலைடா என்று திட்டினேன். மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெட்டியை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன். டாக்டர் நேரில் பேச வேண்டுமாம், உடனே வர வேண்டுமாம்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “பதிவு நல்லால்லீங்க. தாளம் தப்பி மணிக்கணக்கா ஓடுது. அதுவும் பகல்ல, முழிச்சிருக்கும்போதே, சில நொடி துடிப்பே நின்னு நின்னு வருது. எப்ப வேணும்னாலும் மயக்கம் போடலாம். கிரேன் இல்லீங்க, சைக்கிள்கூடத் தொடக் கூடாது.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “புது மெஷினுக்கு எங்களையா வெள்ளோட்டம் விட்டீங்க? ஒண்ணுக்கு ரெண்டா வியாதியக் குடுத்து அனுப்பிட்டு, இப்ப நின்னு நின்னு வருதுன்னு சொல்றீங்க!” என்று அந்த அறையே அதிரக் கத்தினேன். எனக்குச் சரிக்குச் சரியாகக் கத்த வேண்டிய மனுஷனோ திருதிருவென்று விழித்தார். “அது… அப்படி இருக்காதே டாக்டர்” என்றார்.

“இப்பவே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்துடலாம். சட்டையக் கழட்டுங்க.”

கழற்றாமல் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். நர்ஸ்தான் கழற்றிவிட்டார். ஈ.சி.ஜி. தாளில் துடிப்பு ஒரே சீராக ஓடியது. டாக்டரம்மா தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். நான் என் வீட்டுக்காரர் மார்பைப் பார்த்தேன். இடது பக்கம் மழித்த இடமே இல்லை, புதர் மாதிரி முடி. ஒரு வாரம் ஒட்டியிருந்த பட்டையின் பசை இல்லை, சிவப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. போட்ட சட்டையைப் போடவில்லை என்பார்கள் என் கவுண்டரில். இந்த மனுஷன் போடாததைப் போட்டேன் என்றிருக்கிறார்.

“யார் நெஞ்சுல ஒட்டினீங்க?” என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அப்பப்ப லேசா படபடன்னு வந்துச்சு. பதிவுல அது வந்தா கிரேன் போயிடுமேன்னு பயந்துட்டேன். மச்சான்தான் ‘நான் இரும்பு மாதிரி இருக்கேன் மாமா, எனக்கு ஒட்டுங்க’ன்னான்…” என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

அவரை அடிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. சுவரில் கடிகாரம் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரம். போனை எடுத்தேன். தம்பி நம்பரை அழுத்தினேன்.

உடனே எடுத்தான். பின்னால் ஒரு வேன் கொள்ளாத பிள்ளைகளின் கூச்சல்.

“என்னக்கா, மாமா பாஸா?”

“வண்டிய ஓரமா நிறுத்துடா.”

“இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான்க்கா, இறக்கிவிட்டுட்டு…”

“நிறுத்துடா! என் மேல சத்தியம், இப்பவே நிறுத்து!”

என்றைக்கும் இல்லாத என் குரலைக் கேட்டுப் பயந்திருப்பான். பிரேக் போடும் சத்தம் கேட்டது. இன்ஜின் அணைந்தது. டாக்டரம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, போனுக்காகக் கையை நீட்டினார்.

“நிறுத்திட்டேன்” என்றான் தம்பி. அப்புறம், பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பாவம்க்கா மாமா. ஃபெயிலா?” என்றான்.