டெஸ்க்டாப்புல ஏதாவது கீதா?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு போன் பேச்சிலிருந்து. இரண்டு நிமிஷம்கூட இருக்காது. குமணன்சாவடி சிக்னலில், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்பதை இப்போதே சொல்ல மாட்டேன். சொன்னால் கதையை மூடிவைத்துவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"காட்டுப்பாக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு" [எங்கே பெய்தது? பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.]

"கிருஷ்ணப்பிரியா தன் அண்ணன்மேல் வைத்திருந்த" [சீ.]

"லேப்டாப்பில் இரண்டு பாகங்கள் இருந்தன." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

லேப்டாப்பில் இரண்டு பாகங்கள் இருந்தன. C என்று ஒன்று, D என்று ஒன்று. லேப்டாப் கோபியுடையது. ஆவடியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவன். போன ஐப்பசியில் பைபாஸில் பைக்கோடு போனான், அவ்வளவுதான். போனும் அவனோடு நசுங்கிவிட்டது. மிச்சம் காட்டுப்பாக்கத்து வீட்டில் இந்த லேப்டாப், அம்மா எல்லம்மா, தங்கை கிருஷ்ணப்பிரியா.

பிரியாவுக்கு நாளைக்கு, திங்கட்கிழமை, அம்பத்தூரில் புது வேலை. சர்வர் பார்த்துக்கொள்கிற வேலை. சொந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு எடுத்துவரச் சொல்லிவிட்டார்கள். கோபி போனபிறகு அந்த வீட்டுக்கு வந்த ஒரே நல்ல சேதி அதுதான்.

எல்லம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் லேப்டாப்பைத் திறந்ததும் மேல் மூலையில் மஞ்சளாக ஒரு பெட்டி தெரியும், அதை இரண்டு தட்டு தட்டினால் கோபி பேசுவான் என்பது தெரியும். போனில் அவன் பேசி அனுப்பியதையெல்லாம், பதினோரு துண்டு, அவனே அதில் போட்டுவைத்திருந்தான். வேறெங்கும் இல்லை. "ம்மா, துன்ட்டியா? நான் வர லேட்டாவும். கதவ சாத்திக்கினு படு." இந்த லட்சணத்தில்தான் பதினொன்றும். தினம் ரெண்டு மணிக்கு, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள். பதிலும் சொல்வாள்.*

* பதில் சொல்வதை முதல் பிரதியில் அடித்துவிட்டேன், ரொம்ப அழுகாச்சியாக இருக்கிறதென்று. ஆனால் அவள் நிஜமாகவே சொல்கிறாள். நான் என்ன செய்ய?

3

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தாள் பிரியா. பென்டிரைவில் லினக்ஸ் தயார். D முழுக்க சினிமாப் படங்கள், பாட்டு, ஆதார் நகல். ஒரு இஞ்ச் இடமில்லை. C-யில் விண்டோஸ், அது திறக்கவே கால் மணி நேரம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லினக்ஸ் போடுவதுதான் திட்டம்.

லினக்ஸ் வைஃபையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தன் போனைக் கேபிளில் மாட்டி நெட் கொடுத்தாள். கேபிள் லொடலொட, போனைத் தூக்கினால் நெட் அறுந்துவிடும். மேஜைமேல் அசையாமல் படுக்கவைத்தாள்.

எல்லம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தப் போயி இன்னாடி நோண்டிக்கினு கீறே? அதுல கோபி பேசுறது கீதே?"

"அதெல்லாம் D-ல கீதும்மா. ஸ்கிரீன்ல தெரியறது சும்மா ஷார்ட்கட்டு. D-ய தொடாத வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு அண்ணனே எத்தினி வாட்டி சொல்லிகீது."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். திரையில் தெரிகிற பெட்டியின் மூலையில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருந்தால், அது வெறும் வழிகாட்டி. சரக்கு D-யில் பத்திரமாக இருக்கும். அம்புக்குறி இல்லையென்றால் சரக்கே அந்தப் பெட்டியில்தான். அந்தப் பெட்டி இருப்பது C-யில்.

சர்வர் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது தெரியாதா? [மூன்று நாளாக இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு… இல்லை, பொய். காலையிலிருந்துதான் எழுதுகிறேன்.] தெரியும். ஆனால் அவள் அந்தப் பெட்டியை ஒருதரம்கூடத் திறந்ததில்லை. அண்ணன் குரலைக் கேட்க அவளால் முடியாது. ரெண்டு மணி ஆனால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள், வெயிலோ மழையோ. ஐந்து மாதமாக அந்த மஞ்சள் மூலையை அவள் நேராகப் பார்த்ததே கிடையாது.

4

சரி, சொல்லிவிடுகிறேன். அழிப்பதற்கு முன்னால் அவள் ஒரு ஆளைக் கேட்டாள். போன் மேஜைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது.

"ராகவண்ணா, C-ய அழிச்சிடலாம்ல?"

"அழிச்சிடு பிரியா. D-ல மட்டும் கைய வெக்காத."

ஸ்பீக்கரில் எல்லம்மா குரலும் கேட்டது. "இன்னாத்த அழிக்க சொல்றான் ராகவன்?"

நான்தான் அந்த ராகவன். கோபியும் நானும் ஒரே கடையில் ஆறு வருஷம். லேப்டாப் எது வந்தாலும் "D-ய தொடமாட்டோம் சார்" என்போம். உடனே ஒரு கேள்வி கேட்போம்: "டெஸ்க்டாப்புல ஏதாவது கீதா?" ஜனங்கள் எல்லாவற்றையும் அங்கேதான், திறந்ததும் தெரிகிற திரையிலேயே, போட்டுவைக்கும். ஒருதரம் கேட்காமல் விட்டு, பூபாலன் என்று ஒருவர், தன் பெண்ணின் கல்யாண வீடியோ போய், கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அதற்கப்புறம் கோபி அந்தக் கேள்வியை விட்டதே இல்லை. செத்தவன் இருந்திருந்தால் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. சிக்னல் விழுந்தது, கண்டக்டர் உள்ளே போகச் சொன்னார், வைத்துவிட்டேன். போரூர் தாண்டியபிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேனா? இல்லை. தைரியம் இல்லாமல், வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அயோக்கியத்தனம்தான்.

5

முடிவுகள்.

அ) அம்புக்குறி இருந்தது. கோபியைத் தெரியாதா, அவனா C-யில் வைப்பான்? லினக்ஸ் ஏறுகிறது, D திறக்கிறது, ரெண்டு மணிக்கு "ம்மா, துன்ட்டியா?"

ஆ) அம்புக்குறி இல்லை. ஆனால் கடைசியில் "மாற்றங்களை வட்டில் எழுதலாமா?" என்று லினக்ஸ் கேட்கும்போது பிரியா கை நடுங்கி [நடுங்காது. நான் சொன்னால் அவள் நம்புவாள். கோபி அப்படிப் பழக்கியிருக்கிறான்.]

இ) அம்புக்குறி இல்லை. அந்த இடத்தின்மேல் லினக்ஸ் எழுதி முடித்தாயிற்று, இனி எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எல்லம்மா வந்து உட்கார்ந்து திரையின் மூலையில் விரலை

மணி ரெண்டு அஞ்சு. என் போன் அடிக்கிறது. பிரியா. கேபிளைக் கழற்றிவிட்டாள் போலிருக்கிறது, வேலை முடிந்துவிட்டது. இந்தப் பகுதியை ஆரம்பித்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. என்னால் எடுக்க முடியவில்லை. நீங்கள் எடுங்கள். எடுத்ததும் ஒன்றும் பேசவேண்டாம். பின்னால் கோபி பேசுவது கேட்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.