மேல்வீட்டுக் குளிர்

பேர்ன் நகருக்குத் தெற்கே, துன் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் நிற்கும் அந்த இரண்டு மாடி வீட்டை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் வாங்கினார்கள். அண்ணன் ஜனார்த்தன் இறந்தபோது மேல்வீடு அவன் மனைவி பிரபாலினிக்கு வந்தது. கீழ்வீட்டில் தம்பி பிரவீனன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, மேல்வீட்டைத் தனக்கு விற்கச் சொல்லிக் கேட்டான் பிரவீனன். அவள் மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் தன் சப்பாத்தைப் பார்ப்பார்.

இரண்டு வீட்டையும் சூடாக்கிய எண்ணெய்க் கொதிகலன் நிலவறையில் இருந்தது. பழசாகிப்போய், அந்தக் குளிர்காலத்தில் அது அடிக்கடி அணையத் தொடங்கியது. அதைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்தவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். எந்தப் பம்ப் என்பதில்தான் சண்டை வந்தது.

பிரவீனன் தன் வீட்டுத் தரைக்குள் சுடுதண்ணீர்க் குழாய் பதித்திருந்தான். அதற்கு இளஞ்சூட்டுத் தண்ணீரே போதும். மேல்வீட்டில், சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு றேடியேற்றர்கள் சுவரோரம் நின்றன.

திருமதி கேர்பர் என்ற பொறியியலாளர் பார்க்க வந்த அன்று அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணி, உங்கட பழைய இரும்புக்குக் கொதிதண்ணி வேணும். அதுக்காக நான் பெரிய மெஷின் பூட்டேலாது. எனக்கு ஒரு சின்னன் காணும். நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ."

"அப்ப நாங்கள் மேல விறைச்சுச் சாகட்டும் எண்டுறீரோ?"

"ஏலாட்டி வித்துப்போட்டுப் போங்கோ. வாங்க நான் இருக்கிறன்தானே."

தமிழ் தெரியாவிட்டாலும் கேர்பருக்குக் குரல்கள் விளங்கின. ஜெர்மனில் குறுக்கிட்டாள்.

"முதலில் சோதித்துப் பார்ப்போம். கொதிகலன் தண்ணீரை நாற்பத்தைந்து பாகைக்குக் குறைத்துவிடுகிறேன். மேலே எல்லா றேடியேற்றரையும் முழுதாகத் திறந்து வையுங்கள். இந்தக் குளிரிலும் வீடு சூடாக இருந்தால், சின்னப் பம்ப் ஒன்றே இரண்டு வீட்டுக்கும் போதும்."

வீடு சூடாகவில்லை. பிரபாலினி ஜாக்கெட் போட்டுக்கொண்டு சமைத்தாள். மகள் அக்‌ஷயா கையுறையோடு பரீட்சைக்குப் படித்தாள்.

"அம்மா, வித்துப்போட்டு பேர்னுக்குப் போவமே?" என்று அவள் கேட்டாள். போய்விடலாமோ என்று பிரபாலினிக்கும் தோன்றியிருந்தது.

மறுநாள் அவளுடைய உடுப்புத் தோய்க்கும் முறை. சலவை மெஷினும் நிலவறையில்தான். ஈர உடுப்பை விரிக்கும்போது கொதிகலனிலிருந்து மேலே ஏறும் குழாயில் கை முட்டியது. பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்தது. பக்கத்தில் கீழ்வீட்டுக்குப் போகும் குழாயைத் தொட்டாள். நல்ல சூடு. குனிந்து பார்த்தாள். மேல்வீட்டுக் குழாயின் வால்வு இறுக்கிப் பூட்டியிருந்தது.

அதை அவள் திறக்கவில்லை. கேர்பரை அழைத்தாள். கேர்பர் வந்ததும் பிரவீனனையும் கீழே கூப்பிட்டாள்.

"இதில ஒருக்காக் கையை வையும்," என்று மேல்வீட்டுக் குழாயைக் காட்டினாள்.

அவன் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். பிறகு கேர்பரிடம், பழைய சாமான், தானாக இறுகியிருக்கும் என்று ஜெர்மனில் சொன்னான்.

"வால்வு தானாகப் பூட்டாது," என்றாள் கேர்பர்.

"உம்மட அண்ணன்ர பிள்ளை குளிரில கையுறையோட இருந்து படிச்சவள், பிரவீனன்."

"வீடு அண்ணன்ரதும் என்ரதும். நீங்கள் இடையில வந்தனீங்கள். கேட்ட நேரம் தந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமோ?"

"தரமாட்டன். இனி நீர் கேக்கவும் வேண்டாம்."

கேர்பர் வால்வைத் திறந்துவிட்டாள். மறுநாள் மேல்வீடு சூடு பிடித்தது. மூலை அறை மட்டும் குளிர்ந்தது. அங்கே ஒரு பெரிய றேடியேற்றர் போட்டால் சரி என்றாள் அவள். சின்னப் பம்ப் ஒன்றே எல்லோருக்கும் போதும் என்று முடிவாயிற்று.

வெளியே நின்று இரையும் பம்பின் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அயல்வீடுகளுக்குச் சத்தம் போகாதபடி கணக்குப் பார்த்ததில் ஓரிடம்தான் பொருந்தியது. பிரவீனனின் படுக்கையறை யன்னலுக்கு நேரே கீழே. பெட்டியே இல்லாமல் நிலத்தைத் துளைத்துச் சூடு எடுக்கலாமே என்று அவன் கேட்டுப் பார்த்தான். அந்தச் சரிவில் துளைக்க அனுமதி இல்லை.

அவன் பிரபாலினியின் பக்கம் திரும்பினான். "அண்ணி, உங்கட பல்கனியில வைக்கலாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"சத்தத்துக்குச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ," என்று சொல்லிவிட்டு அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பங்குனியில் பம்ப் ஓடத் தொடங்கியது. பிரவீனன் கட்டிலை மற்ற அறைக்கு இழுக்கும் சத்தம் மேலே கேட்டது. தனி ஆளாக இழுத்தான், கதவில் இடித்தான், ஏசினான். பிரபாலினி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இறங்கிப்போய் ஒரு கை கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.