எஞ்சினை மூடிய கை

கிரேக்கத் தீவான காலிம்னோஸில் எங்கள் படகுத்துறையில் ஒரு முறை உண்டு. கடற்பஞ்சு எடுக்க முங்குகிறவனுக்குக் காற்று அனுப்பும் சின்ன எஞ்சினைப் பழுதுபார்த்து மூடுகிறவன்தான் முதலில் கடலில் இறங்க வேண்டும். கேப்டன் நோமிகோஸுக்கோ முறையெல்லாம் அடுத்தவனுக்குத்தான்.

ஈஸ்டர் முடிந்து மற்றப் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. என் பட்டறையில் அவருடைய எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். பிஸ்டன் ரிங்கை சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தால் இடைவெளி அகலமாகக் கிடந்தது. ரிங்கை மாற்றினேன். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் நகத்தை ஓட்டினால் கீறலில் மாட்டியது. மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது.

"கேப்டன், இது செத்துப்போச்சு. ஏதென்ஸ்லருந்து புதுசு வர வியாழக்கிழமை ஆகும்."

"ஊரே போனப்புறம் கடைசியா நான் போறதா? பழசையே போடுடா ஸ்கேவோஸ்."

"போட மாட்டேன்."

"பயந்தாங்கொள்ளி! தள்ளு அப்பால."

அந்தப் பேரிங்கைத் தானே மாட்டி, போல்ட்டையும் தானே முறுக்கினார். எனக்கு மனசு குளிர்ந்தது. கிழவர் வசமாக மாட்டிக்கொண்டார், இனி அவர்தான் இறங்கியாக வேண்டும் என்று நினைத்தேன்.

எஞ்சினைப் பார்த்துக்கொள்ள நானும் படகில் போனேன். நடுக்கடலில் மகன் மிக்கேஸைக் கூப்பிட்டார். "மூடினது நான்தான். என் கை வேற உன் கை வேறயா? இறங்குடா."

"போகாதே தம்பி" என்றேன்.

"இவன் எஞ்சினைப் பார்த்தாலே மூத்திரம் போறவன்" என்றார் கிழவர். மிக்கேஸ் சிரித்தான். புது மாப்பிள்ளை. குழாயைக் கவ்விக்கொண்டு குதித்தான்.

அவன் அடியில் இருக்கும்போதே எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. அவனை மெதுவாக மேலே ஏற்றிவிடலாம் என்று கத்தினேன். எஞ்சின் ஓடட்டும் என்றார் கிழவர். கொஞ்ச நேரத்தில் இறுகி நின்றது. பையன் காற்றில்லாமல் ஒரே பாய்ச்சலில் மேலே வந்தான். அத்தனை ஆழத்திலிருந்து அப்படி ஏறினால் உடம்பு முடங்கிவிடும். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

நோமிகோஸ் மருமகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? ஸ்கேவோஸ் போட்ட புது ரிங் சிக்கிக்கொண்டதாம்! செவாஸ்தி, வயிற்றுப்பிள்ளைக்காரி, சந்தையில் அத்தனை பேர் முன்னால் என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டு நேரே போய் எஞ்சினைப் பிரித்தேன். ரிங்குகள் போட்டது போட்டபடி இருந்தன. பேரிங்தான் உருகிக் கிராங்கோடு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கிழவர் மகனுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். கெஞ்சட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை.

"எதுண்ணே நின்னுச்சு? ரிங்கா?" என்று கேட்டான் மிக்கேஸ்.

பேரிங்கை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இது. தேய்ஞ்சு போச்சு, போடாதீங்கன்னு சொன்னேன். உங்கப்பாதான் மாட்டினார்."

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வாயருகே வந்த கரண்டியைத் தள்ளினான்.

"செவாஸ்திகிட்ட நீயே போய்ச் சொல்லுப்பா. இப்பவே போ. நான் நடந்துபோய்ச் சொல்ல முடியாதில்ல."

நோமிகோஸ் அசையவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.