பின்னால் இருப்பது என்ன பூ?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு எதையாவது சொல்லி உங்களை ஏமாற்றலாம். மனத்தில் ஒரு காட்சி தோன்றியது, அது தூங்கவிடவில்லை என்றெல்லாம் எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. எனக்குத் தோன்றியது வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டு பிரேமலா எடுத்த மாங்குயில் படம் கோலசிலாங்கூர் புகைப்படக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட்டது. அந்த மாங்குயில் உட்கார்ந்து தின்பது என் வீட்டுப் பப்பாளி மரத்தில்! மரம் என்னுடையது, பழம் என்னுடையது, பேர் மட்டும் அவளுக்கு. இதை எங்கே போய்ச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எங்கள் ஊர் புக்கிட் செந்தோசாவில் பிரேமலா என்று ஒரு கர்வம் பிடித்த பெண்—"

இல்லை. கர்வமெல்லாம் இல்லை அவளுக்கு. 'அக்கா, அக்கா' என்று உயிரை விடுவாள். அதுதான் பெரிய தொல்லை.

"மாடி ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்த அந்த நீள லென்ஸ் ஒரு நாள் கை நழுவி—"

[நழுவாது. முக்காலியில் பொருத்தி, வாரைக் கழுத்திலும் மாட்டியிருப்பாள். போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.]

"ஒரு பூனை அந்த மாங்குயிலை—"

சீ! அது என்ன பாவம் செய்தது?

3

அதைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. மாங்குயில் சரியான பயந்தாங்கொள்ளி. கதவு கிரீச்சிட்டால் போதும், பறந்துவிடும். என் வீட்டுக்காரர் குமரவேல் தும்மினால் அடுத்த ஊர் ரவாங் வரைக்கும் போய்விடும். ஆனால் நான் நின்றால் மட்டும் பறக்காது.

காரணம் எனக்குத் தெரியும். காலையில் துணி காயப்போடும்போதுதான் நான் கதை எழுதுவது. வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சரியில்லை என்றால் திட்டுவேன், மறுபடி சொல்வேன். கொடிக்கு மேலேயே பப்பாளி மரம். அது தின்றுகொண்டே கேட்கும். ஞாயிறு பத்திரிகையில் என் கதைகள் வந்திருக்கின்றன. குமரவேல் 'படிச்சுக்கிட்டே இருக்கேன் அம்சா' என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். பிரேமலாவோ, 'டைம் எங்கக்கா இருக்கு, வேலை விட்டு வந்தா டயர்ட் லா' என்கிறாள். முழுசாகக் கேட்டது அந்த மாங்குயில் ஒன்றுதான்.

(இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். உங்களுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், குறுக்கே பேசாமல் கேட்பதற்கு?)

4

போன வாரம் ஒரு தட்டில் பப்பாளிப் பழம் வைத்து அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். பரிசு வாங்கியிருக்கிறாளே, கொடுக்காவிட்டால் அக்காவுக்குப் பொறாமை என்று நினைத்துவிடுவாள். தட்டைச் சும்மா திருப்பித் தரக்கூடாது இல்லையா? கேசரி வைத்துக் கொண்டுவந்தாள். கேசரிக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் படம்.

"எல்லாரும் கேட்கிறாங்கக்கா, பின்னால இருக்கிறது என்ன பூன்னு. காகிதப்பூவான்னு ஒரே கமெண்ட்."

பார்த்தேன். மாங்குயிலின் கண்ணில் இருந்த ஒளிகூடத் துல்லியம். அதன் பின்னால் ஊதா நிறம், மெத்தென்று, பூத்துக் குலுங்குவதைப் போல. நடுவில் மங்கலாக ஒரு வெள்ளைப் பொட்டு.

அந்த வெள்ளைப் பொட்டை எனக்குத் தெரியும். குளோரக்ஸ் பட்டு வெளுத்த இடம். அது பூ இல்லை, என் நைட்டி. நைட்டிக்குள்ளே நான்.

"இது நான்தானே?"

"ஆமாக்கா! நீங்க நின்னாத்தான் அது நிக்குது. நான் ஜன்னலைத் தொறந்தாலே ஓடிடும். அடுத்த வாரமும் ஒரு நாள் காலையில அதே நைட்டியில கொஞ்சம் நிக்கிறீங்களா? கோலாலம்பூர் போட்டிக்கு இன்னொண்ணு வேணும்."

"அப்ப என்னையும் எடுத்து வச்சிருக்கே."

"ஐயோ, உங்க மூஞ்சி தெரியாதுக்கா. கவலைப்படாதீங்க!"

[இது நான் சேர்த்த வசனம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகச் சொன்னாள்.]

சரி என்று சொல்லிவிட்டேன். கேசரி நன்றாக இருந்தது. அதற்கும் எரிந்தது.

5

குமரவேல் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டார். தொழிற்சாலையில் எல்லாரிடமும் கைப்பேசியில் காட்டுகிறாராம். "நம்ம வீட்டு மரம்னு சொன்னேன் அம்சா, யாரும் நம்பல."

"பின்னால இருக்கிறது என்னன்னு சொன்னீங்களா?"

"என்ன? பூதானே?"

முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதர். இவரைப் பாத்திரமாக்கினால் மிகைப்படுத்தல் என்பீர்கள்.

6

இப்போது முடிவு.

முடிவு ஒன்று: காலையில் அம்சவள்ளி ஊதா நைட்டியில் போய் நிற்கிறாள். பிரேமலாவுக்குப் படம் கிடைக்கிறது. அக்கா நல்ல அக்கா. [எழுதும்போதே கொட்டாவி வருகிறது.]

முடிவு இரண்டு: குமரவேலிடம் சொல்லி மரத்தை வெட்டி— [கையே வரவில்லை. அப்புறம் நான் யாரிடம் கதை சொல்வது?]

மூன்றாவதை எழுத வேண்டியதில்லை, நடந்துகொண்டிருக்கிறது. விடிந்துவிட்டது. ஊதா நைட்டியில் கொடிக்கடியில் நிற்கிறேன். இந்தக் கதையைத்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே அது பப்பாளியைக் கொத்துகிறது. தன் பெயர் வரும்போதெல்லாம் தலையைச் சாய்க்கிறது என்று எழுத ஆசைதான், ஆனால் சாய்க்கவில்லை. மாடி ஜன்னல் மெதுவாகத் திறக்கிறது. லென்ஸ் வெளியே வருகிறது.

நான் ஒரு முறை கை தட்டினால் போதும், மாங்குயில் பறந்துவிடும். அதன் பிறகு அந்த லென்ஸுக்கு முன்னால் இருப்பது நான் மட்டும்தான். பிரேமலா திருகிச் சரிசெய்தால் முகம், மூக்குத்தி, நரை எல்லாம் தெளிவாக விழும். யாரும் பூ என்று சொல்ல முடியாது.

ஆனால் என்னிடமே பயந்து போனால் அது திரும்பி வராது. இவ்வளவு நாள் கேட்டதே, அது.

நீங்களும் இதுவரை பறக்காமல் கேட்டிருக்கிறீர்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். துணிக் கிளிப்புகளைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு கையும் காலியாக இருக்கிறது.

தட்டட்டுமா?