பொங்கலுக்குள் வரவேண்டிய அலமாரி

மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காத்தவராயனின் வளையல் கடைக்கு மட்டும் வெளிச்சம் இன்னும் வரவில்லை. மூன்று பக்கமும் தகரம், முன்னால் ஒரு தட்டி. பட்டப்பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டும்; அந்த விளக்கைத் தேட இன்னொரு விளக்கு வேண்டும். ஒருமுறை உள்ளே போன தங்கச் சுரங்க ஆள் ஒருவன், ஷாஃப்டுக் குழிக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்து, ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதும்வரை அங்கேயே நின்றானாம். பொய் என்பவர்கள் அவனையே கேட்டுக்கொள்ளலாம். அவன் செத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகிறது.

அந்த இருட்டில் கயிறு கயிறாகத் தொங்கிய வளையல்களில் பச்சை எது, நீலம் எது என்று தெரிந்த ஒரே ஆள் காத்தவராயனின் பெண்டாட்டி பார்வதம்மா. வருகிற பெண்களின் கையை நோகாமல் பிடித்து வளையல் ஏற்றுகிறவளும் அவள்தான். ஒரு மாசி மாதத்தில், பச்சை கேட்டவளுக்கு நீலத்தைப் போட்டு அனுப்பினாள். மறுவாரம் இன்னொருத்திக்கும். மூன்றாம் முறை நடந்தபோது காத்தவராயன் அவளை ரயிலேற்றி பெங்களூருக்குக் கூட்டிப்போனான்.

கண் டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. உள்ளே நரம்பு பட்டுப்போகிறது, மருந்து கிடையாது, அடுத்த பொங்கல் வரைக்கும் ஓரளவு தெரியும் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் பட்டாளத் தண்டுக் கடைத்தெருவில் பார்வதம்மா நின்றுவிட்டாள். ஒரு கடைக்குள் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி அலமாரி. முன்னாலும் கண்ணாடி, பக்கத்திலும் கண்ணாடி, தட்டுகளும் கண்ணாடி. முதுகுப்புறத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி. உள்ளே பீங்கான் கோப்பைகள் காற்றில் நின்றன.

"நம்ம வளையல இதுல அடுக்கினா எப்டி இருக்கும்," என்றாள். "ஒரு வாட்டி பாத்துட்டா போதும்."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஓர் அம்மிக்கல்லும் அந்த அலமாரியும்தான். அம்மிக்கல் மறுநாளே வந்துவிட்டது.

அலமாரிக்கு வழி கேட்க, சித்திரை பிறந்ததும் காத்தவராயன் வால்டரிடம் போனான். வால்டர் சுரங்க ஸ்டோரில் குமாஸ்தா. ஆள் இறங்குகிற கேஜ் கூண்டின் கயிற்றிலிருந்து பம்பு வரைக்கும் சீமையிலிருந்து வரவழைக்கிற ஆள்.

"இத்த கடையில போய் எடுத்தார முடியாது காத்தவராயா," என்றார் வால்டர். "நீ கேக்கற அலமாரி இனிமேதான் பொறக்கணும்." சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதினார். "சீமையில கீற தச்சனுக்குக் கடுதாசி போக இருபது நாள். அவன் படம் வரைய ஒண்ணரை மாசம். படம் இங்க வர இருபது நாள். அதுல நீ கையெழுத்துப் போட்டு அனுப்பணும், அது போக இருபது நாள். அது கைக்குப் போனாத்தான் மரத்த அறுப்பான். செய்ய ரெண்டு மாசம். கப்பலுக்கு ஒரு மாசத்துக்கு மேல. மெட்ராஸ்ல எறக்கி, பவுரிங்பேட்டையில ரயில் மாத்தி, நம்மூரு வந்து சேர பதினஞ்சு நாள்."

"எல்லாம் சேத்தா தொரை?"

"கார்த்திகை பாதிக்குள்ள உன் கடையில நிக்கும். பொங்கலுக்கு ஒண்ணரை மாசம் கையில கீது." வால்டர் சுண்ணாம்புக் கையை உதறினார். "ஆனா அந்த ஒண்ணரை மாசத்துல கைய வெக்காத. அது உன்னுது இல்ல, கடலோடது."

காத்தவராயன் குடியாத்தத்துக் கழனியை விற்றான். கடிதம் போயிற்று. அன்றிலிருந்து தினமும் தபால்காரரை வழிமறித்தான். அவனுக்குப் பயந்து தபால்காரர் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப்போக, அந்தத் தடம்தான் பிற்பாடு ஊரின் இரண்டாவது தெருவாயிற்று.

படம் ஆடி இரண்டாம் தேதி வந்தது. வால்டர் போட்ட கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பார்வதம்மா அதை வெயிலில் பிடித்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் கோடு கோடாகப் பார்த்தாள்.

"இதான் கதவா?"

"ஆமா மே."

"பூட்டு?"

"பித்தளையில."

காத்தவராயன் பேனாவை மசியில் தோய்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆடி பொறந்துட்டுதே. ஆடியில யாராச்சும் புதுசா ஆரம்பிப்பாங்களா? நாளுதான் கையில கீதே."

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் சாத்துகிற மாதம், கடையில் மூச்சுவிட நேரமில்லை. பேனாவைத் துடைத்து வைத்தான். அவன் கணக்குப் பார்க்காதவனும் அல்ல. நாற்பத்தைந்து நாளில் முப்பது போனாலும் பதினைந்து மிச்சம். ஆவணி முதல் தேதி, படத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தான்.

புரட்டாசியில் பதில் வந்தது. வால்டர் அதை இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஆகஸ்ட் மாசத்துக்குள்ள கையெழுத்து வந்திருந்தா உன் முறை. இப்ப கிறிஸ்துமஸுக்கு லண்டன் கடைங்க வேல வந்துடுச்சாம். உன்னுத ஜனவரியில ஆரம்பிக்கறானாம்."

"ஒரு மாசந்தான தொரை லேட்டு?"

"வரிசையில நின்னவன் தண்ணி குடிக்கப் போனா, திரும்பி வந்து அதே எடத்துலயா நிப்பான்?"

"தந்தி குடுத்தா?"

"தந்தியில அழலாம். வரிசை நகராது." வால்டர் கடிதத்தை மடித்தார். "படம் வந்த அன்னிக்கே ஏன் கையெழுத்துப் போடல?"

"ஆடி தொரை."

வால்டர் திட்டவில்லை. சுவரில் இருந்த சுண்ணாம்பு எழுத்தைப் பார்த்தார். "அவனுக்கு ஆடி தெரியாதே," என்றார்.

வீட்டுக்கு வந்த காத்தவராயன் அலமாரி கப்பல் ஏறிவிட்டது என்றான். அந்தப் பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. கார்த்திகையில் கப்பல் சூயஸைத் தாண்டியது. மார்கழியில் ஏடனில் நின்றது.

"ஏன் நின்னுட்டுது?" என்று கேட்டாள் பார்வதம்மா.

"திமிங்கலம் ஒண்ணு குறுக்க படுத்துக்குச்சாம்."

"எத்தினி நாளா?"

"ஒம்பது நாளா."

"பாவம், ஒடம்பு சரியில்லயோ இன்னாவோ," என்றாள். சற்று நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். கல்லை விட்டுவிட்டு அரிசியைத்தான் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லும்போது நீங்க காத சொறியறது எனக்கு இன்னும் தெரியுதுங்க."

அப்புறம் கப்பலைப் பற்றி அவள் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தது யார் என்பதை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. சிறிய வீடு, அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் நடமாடுவது கஷ்டமாகத்தான் இருந்தது.

தை ஒன்பதாம் நாள் காலையில், "இன்னும் விடியலயா?" என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி அப்போதே மிளகாய் காயப்போட்டு முடித்திருந்தாள்.

சித்திரைக் கடைசியில் அலமாரி வந்தது. இரட்டை மாட்டு வண்டியில், வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில், சீமையிலிருந்து இங்கே வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. தட்டியைக் கழற்றிக் கடை முகப்பில் நிறுத்தினார்கள். அது பிடித்த வெயில் எதிர்ச்சாரிக் கடையில் போய் விழுந்து, அங்கே தராசில் இருந்த வெல்லம் உருகியதாகச் சொல்வார்கள். வெல்லம் எவ்வளவு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

காத்தவராயன் வளையல்களை அதில் அடுக்கி, பெண்கள் கூட்டமாகப் பார்த்துவிட்டுப் போன பிறகு, பார்வதம்மாவின் கையைப் பிடித்து அலமாரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் கண்ணாடியைத் தொட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஜில்லுனு கீது."

கதவு எங்கே என்று அவள் கேட்கவில்லை. படத்தில் பார்த்த இடத்துக்கே விரல் போயிற்று. பித்தளைப் பூட்டைத் தடவி, கதவைத் திறந்து, தட்டுத் தட்டாகக் கையை விட்டு வளையல் வரிசையைத் தொட்டுக்கொண்டே மேலே போனாள்.

"பச்சை எங்க?"

"நடுத்தட்டுல."

"நீலத்த பக்கத்துல வெச்சிட்டீங்களா?"

"வெச்சேன்."

"தள்ளி வைங்க. ரெண்டும் சண்ட போடும்."

அவன் நீலத்தைத் தள்ளி வைத்தான். நிமிர்ந்தபோது பின்புறக் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். வளையல்களுக்கு நடுவில் அவன் முகம் நேராக அவனைப் பார்த்தது. பார்வதம்மாவின் முகம் அலமாரியை விட்டுவிட்டு, பக்கத்துத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா கீதுங்களா?" என்று அவள் தகரத்தைக் கேட்டாள்.

காத்தவராயன் அவள் முகவாயைப் பிடித்து, மெல்ல இந்தப் பக்கம் திருப்பினான்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல மே. அப்டியே நில்லு," என்றான்.

அவள் நின்றாள்.